ரேஷன் கடைக் கருவி ஏற்காத விரலைக் கைபேசி ஏற்பது எப்படி?

முசிறி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 67 வயதாகிறது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். சிமென்ட்டுக் கலவையும் செங்கல்லும் சுமந்து சுமந்து அவருடைய விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் விரலை வைப்பதும் எடுப்பதுமாகக் கால் மணி நேரம் போகிறது. துணியால் துடைத்தும், தலைமுடியில் தேய்த்தும், விரலை மாற்றி மாற்றி வைத்தும் பல மாதங்களில் கருவி ஏற்பதில்லை. சென்ற மாதம் மூன்று நாள் நடந்த பிறகே அரிசி கிடைத்தது.

ஆனால் என் தம்பி வாங்கித் தந்த கைபேசியின் பக்கவாட்டுப் பொத்தானை அதே ஆள்காட்டி விரலால் தொட்டு, பெரும்பாலும் முதல் முறையிலேயே திறந்துவிடுகிறார். "செல்போனுக்கு என்னைத் தெரியுது, கடைப் பெட்டிக்குத் தெரியலையே" என்று அவர் கேட்டபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை. விரல் ஒன்றாக இருக்கும்போது இரண்டு கருவிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்வது எதனால்? இதற்கு வழி ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் அவருக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.

சுற்றுப்பலகை:

வணக்கம், சகோதரி. விரல் உணரிகளைக் கருவிகளில் பொருத்திச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இரண்டையும் விரல் ரேகைக் கருவி என்றே அழைத்தாலும், அவை விரலைப் பார்க்கும் விதமும் வேறு, பார்த்ததை எதனோடு ஒப்பிடுகின்றன என்பதும் வேறு. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடைகளில் காணப்படும் கருவிகளில் பெரும்பாலானவை ஒளியைக் கொண்டு இயங்குபவை. நாம் விரல் வைக்கும் கண்ணாடி உண்மையில் ஒரு முப்பட்டகத்தின் ஒரு பக்கம். அதன் இன்னொரு பக்கத்திலிருந்து எல்இடி விளக்கின் ஒளி சாய்வாக உள்ளே செலுத்தப்படுகிறது. கண்ணாடிக்கு வெளியே காற்று மட்டும் இருந்தால், பத்தாம் வகுப்பை ஒட்டி நாம் படித்த முழு அக எதிரொளிப்பு நிகழ்ந்து, ஒளி அனைத்தும் திரும்பி மூன்றாம் பக்கத்திலுள்ள சிறு கேமராவைச் சேரும். விரலை வைத்ததும், ரேகையின் மேடுகள் கண்ணாடியை ஒட்டிக்கொள்கின்றன, பள்ளங்களில் காற்று நிற்கிறது. பள்ளத்தின் கீழ் ஒளி முன்போலவே முழுவதும் திரும்புவதால் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். மேடு தொட்ட இடத்தில் ஒளி தோலுக்குள் கசிந்து சிதறிவிடுவதால் அந்த இடம் கருமையாகத் தெரியும். கறுப்பும் வெள்ளையுமாக வரும் அந்தக் கோடுகளே படம்.

இந்த முறையின் உயிர்நாடி, தோல் கண்ணாடியோடு ஒட்டுவதுதான். தோல் உலர்ந்திருந்தால் மேடு தொடுகிறது போலத் தோன்றினாலும் இடையில் மெல்லிய காற்று இடைவெளிகள் நின்றுவிடுகின்றன. கோடு தொடர்ச்சியாக வராமல் புள்ளி புள்ளியாக உடைகிறது. விரல் ஈரமாக இருந்தாலோ பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி எல்லாமே கறுப்பாகிவிடுகிறது. உங்கள் தாயார் தலைமுடியில் விரலைத் தேய்ப்பது வெறும் பழக்கம் அன்று. முடியிலும் நெற்றியிலும் உள்ள எண்ணெய்ப்பசை அந்த இடைவெளிகளை நிரப்பித் தோலைக் கண்ணாடியோடு ஒட்டச் செய்கிறது என்பதால் அது உண்மையிலேயே பயன் தருகிறது. அளவு மிகுந்தால் கண்ணாடியில் பிசுக்குப் படிந்து, அடுத்து வருபவருக்கு இடைஞ்சலாகும். அவ்வப்போது கண்ணாடியை மென்துணியால் துடைக்காத கடையில் நல்ல விரலும் தவறும்.

கைபேசியின் பக்கவாட்டுப் பொத்தானில் இருப்பது பெரும்பாலும் மின்தேக்கு வகை உணரி. அங்கே கேமராவும் விளக்கும் கிடையாது. சிலிக்கான் சில்லு ஒன்றின் மேல் மிகச் சிறிய உலோகத் தகடுகள் வரிசை வரிசையாகப் பரவியிருக்கும். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதால், தகடும் அதன் மேல் வரும் தோலும் சேர்ந்து, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு மின்தேக்கியாகின்றன. மேடு அருகில் இருக்கிறது, பள்ளம் சற்றுத் தள்ளி இருக்கிறது. தொலைவு கூடினால் மின்தேக்குத்திறன் குறையும். ஒவ்வொரு தகட்டிலும் அந்தத் திறனை அளந்து எண்களாக அடுக்கினால், விரலின் மேடு பள்ளங்களுக்கு ஒரு நிலப்படம் கிடைத்துவிடும். பரவலாகப் பின்பற்றப்படும் அளவு ஓர் அங்குலத்துக்கு 500 புள்ளிகள், அதாவது புள்ளிக்குப் புள்ளி ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருப்பதால், ஒரு மேடும் ஒரு பள்ளமும் 9 அல்லது 10 புள்ளிகளில் அடங்குகின்றன. தேய்ந்த விரலில் மேட்டின் உயரம் குறைந்திருந்தாலும், இடைவெளி மாறுவதில்லை. உணரியின் மின்சுற்று நுட்பமாக இருந்தால், அந்தச் சிறு உயர வேறுபாட்டையும் பெருக்கிப் பார்த்துவிடும்.

ஆனால் எனக்குத் தெரிந்தவரை, உங்கள் தாயார் விஷயத்தில் உணரியைவிட ஒப்பீடே பெரிய காரணமாக இருக்கும். கைபேசியில் விரலைப் பதிவு செய்தபோது "எடுத்து மறுபடி வையுங்கள்" என்று பத்துப் பதினைந்து முறை கேட்டிருக்கும் அல்லவா? அது விரலைப் பல கோணங்களில் துண்டு துண்டாக எடுத்துத் தைத்துக்கொள்கிறது. பதிந்ததும் இப்போதைய விரல், ஒப்பிடுவதும் இப்போதைய விரல். பல கைபேசிகள் ஒவ்வொரு முறை வெற்றிகரமாகத் திறக்கும்போதும் புதிய விவரத்தைச் சேர்த்துத் தம் பதிவைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. விரல் மெல்ல மெல்லத் தேய்ந்தால் பதிவும் கூடவே மாறிக்கொண்டு வருகிறது. ரேஷன் கடைக் கருவியில் வைக்கும் விரலோ, என்றோ ஒரு முகாமில் எடுத்த ஆதார் பதிவோடு ஒப்பிடப்படுகிறது. அந்தப் பதிவு எப்போது எடுக்கப்பட்டது என்று நினைவிருக்கிறதா?

முசிறி வாசகி:

மிக்க நன்றி, ஐயா. முப்பட்டகம் வரை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தலையில் தேய்ப்பதற்குக் காரணம் உண்டு என்று கேட்டதும் அவருக்கு மகிழ்ச்சி. ஆதார் பதிவு எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த முகாமில், 2012-ஆம் ஆண்டு வாக்கில் எடுத்தது. அப்போது அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று கூட வேலையிலிருந்து நேராக வந்துதான் வரிசையில் நின்றார்.

தோல்நோய் மருத்துவர், கோவை:

வேலையிலிருந்து நேராக வந்தார் என்பது முக்கியமான செய்தி. சிமென்ட்டுக் கலவை கடுமையான காரத்தன்மை உடையது. அது தோலின் மேலடுக்கிலுள்ள கொழுப்பைக் கரைத்து, தோலை உலரச் செய்து, வெடிப்புகளை உண்டாக்கும். கூடவே மணலும் செங்கல்லும் உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. அன்றைய பதிவிலேயே உடைந்த கோடுகள் விழுந்திருக்க வாய்ப்புண்டு. மங்கலாகப் பதிந்த ஒன்றோடு, இன்று மங்கலாக விழும் ஒன்றை ஒப்பிட்டால் பொருத்தம் கிடைப்பது அரிது.

விரல் ரேகை அழிந்துவிட்டது என்று பலர் என்னிடம் வந்து வருந்துகிறார்கள். பெரும்பாலோருக்கு அது அழிவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரேகையின் அச்சு தோலின் மேற்பரப்பில் இல்லை. மேல்தோலும் அடித்தோலும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. கருவில் மூன்றாம் மாதத்தை ஒட்டித் தோன்றத் தொடங்கி, ஆறாவது ஏழாவது மாதத்துக்குள் நிலைத்துவிடும் அமைப்பு அது. தாயின் வயிற்றில் விரல் எப்படி அழுந்தியது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பன போன்ற சிறு வேறுபாடுகளும் அதில் சேர்வதால், ஒரே மரபணு கொண்ட இரட்டையருக்கும் ரேகை ஒன்றாக இருப்பதில்லை. மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். முதுமையில் இன்னும் சற்று நாளாகும். தேய்மானம் மேலடுக்கில் மட்டும் இருந்தால், வேலையை நிறுத்திச் சில வாரங்களில் அதே ரேகை அதே இடத்தில் மீண்டும் எழும். ஆழமான வெட்டுக்காயமும் தீக்காயமும் அடித்தோலைத் தொட்டுவிட்டால்தான் நிலையான தழும்பு விழுகிறது.

உங்கள் தாயார் வேலையை விட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று நீங்கள் எழுதவில்லை. விட்டு நெடுநாள் ஆகியும் மேடுகள் எழவில்லை என்றால், வயதும் ஒரு காரணம். முதுமையில் தோல் நெகிழ்ச்சியை இழக்கிறது, வியர்வையும் எண்ணெய்ப்பசையும் குறைகின்றன, மேடுகளின் உயரம் தாழ்கிறது, குறுக்கே சுருக்கக் கோடுகள் ஓடுகின்றன. இரவில் விரல் நுனிகளில் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவி வருவதும், பாத்திரம் துலக்கும் பொடியை நேரடியாகத் தொடாமல் இருப்பதும் இரண்டு மூன்று வாரங்களில் கண்ணால் காணக்கூடிய மாற்றத்தைத் தரும்.

ரேகை உண்மையாகவே மறைந்து போகும் நிலைகளும் உண்டு. கேபசிடபின் என்ற புற்றுநோய் மருந்து சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோலை உரியச் செய்யும். அந்த மருந்தை உட்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை விழாததால் நிறுத்தி வைக்கப்பட்ட செய்தி 2009-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பிறவியிலேயே ரேகை இல்லாத சுவிட்சர்லாந்துக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2011-இல் கண்டறிந்தார்கள். இவர்களுக்கெல்லாம் எண்ணெய் தடவச் சொல்வதில் பயனில்லை. வேறு வழி கொடுத்தாக வேண்டும்.

ரேகைக்கூடம்:

காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்த உரையாடல் எனக்கு மிகவும் நெருக்கமானது, ஆகவே கொஞ்சம் பழைய கதையும் சொல்கிறேன்.

ரேகையை ஆளடையாளமாகப் பயன்படுத்துவது லண்டனில் பிறந்து இங்கே வந்த வழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். நவீன அரசு நிர்வாகத்தில் அது வங்காளத்தில் பிறந்தது. 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை கொண்டுவர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தாளில் பதிய வைத்தார். பின்னர் 1877-இல் ஹூக்ளியில் நீதித்துறை நடுவராக இருந்தபோது, ஓய்வூதியம் பெறுவோரிடமும், பத்திரப் பதிவிலும், சிறையிலும் விரல் ரேகையைப் புகுத்தினார். இறந்தவரின் பெயரில் வேறொருவர் ஓய்வூதியம் வாங்குவதைத் தடுப்பது ஒரு நோக்கம். இன்று ரேஷன் கடையிலும் ஓய்வூதிய உயிர்வாழ்வுச் சான்றிலும் நடப்பதற்கு அதுவே தொடக்கம் என்று சொல்லலாம்.

ஒருவரின் ரேகையை இன்னொருவரின் ரேகையோடு ஒப்பிடுவது எளிது. இலட்சம் அட்டைகளுக்கு நடுவே ஒன்றைத் தேடி எடுப்பதுதான் கடினம். அதைத் தீர்த்தவர்கள் கல்கத்தாவில் வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியின் கீழ் பணியாற்றிய அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பத்து விரல்களிலும் வட்டமாகச் சுற்றும் சுழல் வடிவம் எங்கெங்கே இருக்கிறது என்பதை வைத்து ஒரு கணக்குப் போட்டு, அட்டைகளை 1,024 அறைகளாகப் பிரித்தார்கள். 1897-இல் கல்கத்தாவில், உலகின் முதலாவது என்று சொல்லப்படும் விரல்ரேகைக் கூடம் அமைந்தது. லண்டன் காவல்துறையான ஸ்காட்லாந்து யார்டு அதே முறையை 1901-இல் தொடங்கியது. முறைக்கு ஹென்றியின் பெயர் மட்டுமே நிலைத்துவிட்டது. நான் பயிற்சியில் இருந்த நாளிலிருந்து எனக்கு இதில் மனக்குறை உண்டு.

நாங்கள் உருப்பெருக்கியில் பார்த்ததையே கருவியும் பார்க்கிறது. கண்ணி, சுழல், வில் என்ற பெரிய வடிவங்கள் வகைப்படுத்த மட்டுமே உதவும். மனிதர்களில் பாதிக்கு மேற்பட்ட விரல்கள் கண்ணி வடிவம்தான். ஆளைப் பிரித்துக் காட்டுபவை நுண்புள்ளிகள். ஒரு மேடு திடீரென முடியும் இடம், ஒரு மேடு இரண்டாகப் பிரியும் இடம் ஆகிய இரண்டும் அவற்றுள் முதன்மையானவை. ஒவ்வொரு நுண்புள்ளியின் இடமும் அங்கே மேடு ஓடும் திசையும் குறிக்கப்படுகின்றன. படத்தை விட்டுவிட்டு இந்தக் குறிப்புகளை மட்டும் சேர்த்தால் கிடைப்பதே வார்ப்புரு. தேய்ந்த விரலில் ஏற்படும் தொல்லை இங்கேதான். கோடு உடைந்து விழுந்தால் ஒவ்வோர் உடைப்பும் "மேடு முடிகிறது" என்று பொய்யாகப் பதிவாகிறது. உண்மையான புள்ளிகள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகின்றன.

2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசியத் தானியங்கி விரல்ரேகை அடையாள அமைப்பு, நாடு முழுவதும் உள்ள குற்றப்பதிவு ரேகைகளில் கணினியைக் கொண்டு தேடுகிறது. நாங்கள் வாரக்கணக்கில் தேடியதை அது சிறு பொழுதில் முடிக்கிறது. இருந்தாலும் அது தருவது பொருத்தமாகத் தோன்றும் ரேகைகளின் பட்டியல். முடிவு சொல்ல வேண்டியவர் மனித வல்லுநர். அந்த வல்லுநரும் தவறலாம். 2004-இல் ஸ்பெயினின் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகை ஒன்று, அமெரிக்காவின் ஓரிகானைச் சேர்ந்த பிராண்டன் மேஃபீல்டு என்ற வழக்கறிஞருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ உறுதியாகச் சொல்லி, அவரை இரண்டு வாரம் காவலில் வைத்தது. ரேகை வேறொருவருடையது என்பதை ஸ்பெயின் காவல்துறை காட்டிய பிறகே அவர் விடுவிக்கப்பட்டார். ரேகை தனித்தன்மை உடையதுதான். ஆனால் நம் கையில் கிடைப்பது ரேகையின் முழு உருவம் அல்ல, அதன் ஒரு பதிவு. அந்த வேறுபாட்டை இளைய வல்லுநர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தேன்.

நூற்பாலை மேலாளர்:

எங்கள் ஆலையில் வருகைப்பதிவுக்கு விரல் ரேகைக் கருவி வைத்துச் சில ஆண்டுகள் ஆயின. கோன் சுற்றும் பகுதியில் வேலை செய்யும் பெண்களுக்கு நூல் ஓடி ஓடி ஆள்காட்டி விரலில் வரி விழுந்துவிடுகிறது. மாதம் ஐந்தாறு பேருக்காவது "வரவில்லை" என்று பதிவாகிச் சம்பளத்தில் சிக்கல் வருகிறது. என் ஐயம் இதுதான்: கருவியின் கண்டிப்பைக் குறைத்துவிட முடியாதா? குறைத்தால் என்ன கெடும்? கூடவே இன்னொன்று. பணியாளர்களின் ரேகை அந்தப் பெட்டிக்குள் படமாக இருக்கிறதா, வெறும் எண்ணாக இருக்கிறதா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

சுற்றுப்பலகை:

முதற்கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஐயா. ஏனெனில் "கருவி என்னை அடையாளம் கண்டுகொள்கிறது" என்று நாம் பேசுவதே சரியன்று. கருவி கண்டுபிடிப்பது ஒப்புமையின் அளவை மட்டுமே. ஒரே விரலை இரண்டு முறை வைத்தால் இரண்டு படங்களும் முற்றிலும் ஒன்றாக ஒருபோதும் இருக்கா; அழுத்தம், சாய்வு, ஈரம் எல்லாம் மாறும். ஆகவே ஒரு மதிப்பெண் போட்டு, இந்த வரம்புக்கு மேல் என்றால் ஏற்பது, கீழே என்றால் மறுப்பது என்று யாரோ ஒருவர் முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறார். வரம்பை உயர்த்தினால் பிறர் விரல் நுழைவது குறையும், ஆனால் உரியவரே மறுக்கப்படுவது கூடும். தாழ்த்தினால் நேர்மாறு. ஒரு உணரியை வைத்துக்கொண்டு இரண்டு பிழைகளையும் ஒருசேரக் குறைக்க முடியாது. அதற்கு நல்ல உணரியோ, கூடுதல் விரலோ, வேறு உறுப்போ வேண்டும்.

உங்கள் ஆலையில் ஒருவர் தம் பணியாளர் எண்ணைத் தட்டிவிட்டு விரலை வைத்தால், கருவி ஒரே ஒரு பதிவோடு ஒப்பிட்டால் போதும். எண்ணைத் தட்டாமல் விரலை மட்டும் வைத்தால், அத்தனை பேரின் பதிவுகளிலும் தேட வேண்டும். பலரோடு ஒப்பிடும்போது தற்செயலான பொருத்தம் பெருகும் என்பதால், அந்த முறையில் வரம்பைக் கண்டிப்பாக வைத்தே ஆக வேண்டும். எனவே எண்ணைத் தட்டச் செய்துவிட்டு வரம்பைச் சற்றுத் தளர்த்துங்கள். ஒருவருக்கு இரண்டு கைகளிலிருந்தும் இரண்டு மூன்று விரல்களைப் பதியுங்கள். உங்கள் ஐந்தாறு பேரில் பெரும்பாலோரின் சிக்கல் அங்கேயே தீரும். தீராதவர்களுக்கு அடையாள அட்டையோ கையொப்பமோ போதும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். கருவி மறுத்ததற்காக வேலை பார்த்த ஒரு நாள் கூலியைப் பிடிப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

கணக்கைக் கண்கூடாகக் காட்ட ஒரு எடுத்துக்காட்டு. பிறர் விரல் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு இலட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை அவருடைய பதிவோடு மட்டும் ஒப்பிட்டால் அது மிகவும் பாதுகாப்பானது. அதே விரலை ஒரு கோடிப் பதிவுகளில் தேடினால், சம்பந்தமில்லாத 100 பேர் பொருந்துவதாகக் கருவி சொல்லும். ஆதாரில் பதியும்போது ஒருவர் முன்பே பதிந்திருக்கிறாரா என்று எல்லோரிடையேயும் தேட வேண்டியிருப்பதால்தான் பத்து விரல்களையும் இரண்டு கருவிழிகளையும் எடுக்கிறார்கள். ரேஷன் கடையில் நடப்பதோ எண்ணுக்குரிய ஒரே பதிவோடு நடக்கும் ஒப்பீடு. தன் கைபேசிகளிலுள்ள டச் ஐடி என்ற விரல் உணரியில் பதிந்த ஒரு விரலுக்குப் பிறர் விரல் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 50,000-இல் 1 என்று ஆப்பிள் அறிவித்திருக்கிறது. நான்கு இலக்கக் கடவு எண்ணுக்கு அது 10,000-இல் 1.

இரண்டாவது கேள்வி. தரமான வருகைப்பதிவுக் கருவிகளில் படம் சேமிக்கப்படுவதில்லை, வார்ப்புரு மட்டுமே இருக்கும். அதனால் கவலையே இல்லை என்று விற்பனையாளர்கள் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நுண்புள்ளி வார்ப்புருவிலிருந்து, கருவியை ஏமாற்றும் அளவுக்கு ஒரு ரேகைப் படத்தை மீண்டும் வரைய முடியும் என்பதை இத்தாலியின் போலோன்யாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் காட்டிவிட்டார்கள். ஆகவே வார்ப்புருவும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். கைபேசிகளில் அது முதன்மைச் செயலியிலிருந்தே பிரித்து வைக்கப்பட்ட தனிப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது. ஒப்பீடும் அங்கேயே நடந்து, "ஆம்" அல்லது "இல்லை" என்ற விடை மட்டும் வெளியே வருகிறது. பணியாளர் வேலையை விட்டுப் போனதும் அவருடைய பதிவை அழித்துவிடுங்கள். கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

கிராம வங்கி முகவர்:

கடைசி வரியைப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஆதார் எண்ணும் விரல் ரேகையும் கொண்டு பணம் எடுத்துக் கொடுக்கும் பணி என்னுடையது. வங்கிக்கு 12 கிலோமீட்டர் போக வேண்டிய மூதாட்டிகளுக்கு, நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் உதவித்தொகையையும் அவர்கள் வாசலிலேயே கொடுக்க முடிகிறது. இந்த வசதியின் அருமை எனக்குத் தெரியும், ஆகவே இதன் ஆபத்தையும் சொல்லும் கடமை இருக்கிறது.

இந்த முறையில் கடவு எண் கிடையாது. எந்த வங்கி, ஆதார் எண் எது, விரல் எது, இவ்வளவுதான். ரேகைக்கூடம் ஐயா சொன்ன பத்திரப் பதிவு வழக்கம் இங்கே வந்து மோதுகிறது. நிலப் பத்திரங்களில் பதிந்த பெருவிரல் ரேகையையும் அதே தாளில் உள்ள ஆதார் எண்ணையும் எடுத்து, சிலிக்கோன் ரப்பர் போன்ற பொருளில் போலி ரேகை வார்த்துப் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. தெலங்கானாவில் 2018-இல் அப்படிப் பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை இயக்கிய ஒருவர் பிடிபட்டார். இதற்குப் பிறகு கருவிகளும் மேம்பட்டுள்ளன. நுண்புள்ளிகளோடு விரலின் படத்தையும் சேர்த்துப் பார்த்து, வைத்திருப்பது உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையை ஆதார் ஆணையம் 2023-இல் நடைமுறைப்படுத்தியது.

இணையம் அறிந்த வீட்டார் எல்லோரும் தங்கள் ஆதார் பயோமெட்ரிக் விவரத்தை, அதாவது விரல் ரேகை, கருவிழிப் பதிவுகளை, பூட்டி வைக்க வேண்டுகிறேன். ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ கட்டணமின்றிச் செய்யலாம். பணம் போனதாகத் தெரிந்தால் அன்றே வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வாடிக்கையாளரின் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாமல் வெளியாரால் நேர்ந்த இழப்பு என்றால், தகவல் கிடைத்த 3 வேலைநாளுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதித்திருக்கிறது.

ரேகைக்கூடம்:

போலி ரேகை புதிய செய்தி அன்று. ஜப்பானிய ஆய்வாளர் சுடோமு மாட்சுமோட்டோ 2002-இல் மிட்டாய் செய்யப் பயன்படும் ஜெலட்டினில் விரல் வார்த்து, அக்காலக் கருவிகள் பலவற்றை ஏமாற்றிக் காட்டினார். 2013-இல் ஐபோன் 5எஸ் விற்பனைக்கு வந்த சில நாள்களிலேயே, ஜெர்மனியின் கணினி ஆர்வலர் குழுவான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படம் பிடித்து வார்த்து அதைத் திறந்தது. பத்திரங்களை இணையத்தில் வெளியிடும்போது ரேகைப் பகுதியை மறைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுற்றுப்பலகை:

ஒன்று சேர்க்கிறேன். திரைக்கு அடியில் இருக்கும் மீயொலி உணரி, ஒலி அலையை அனுப்பித் திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு மேடு பள்ளத்தை ஆழத்தோடு அளப்பதால், ஈரத்தையும் அழுக்கையும் ஓரளவு கடந்து பார்க்கிறது. அதுவும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. 2019 அக்டோபரில், சில வகைச் சிலிக்கோன் திரையுறைகளைப் போட்ட சாம்சங் எஸ்10 கைபேசிகள் யார் விரல் வைத்தாலும் திறந்துகொண்டன. உறையின் உட்புற வடிவத்தையே ரேகையாக உணரி பதிந்துகொண்டது காரணம். நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

முசிறி வாசகி, நீங்கள் பயோமெட்ரிக் பூட்டைப் போடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் ஏற்காது. ஒவ்வொரு முறையும் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போக வேண்டும். உடன் வர ஆள் இல்லாதவருக்கு அது புதிய தொல்லை. ஆதாரைக் கொண்டு பணம் எடுக்கும் வசதியை மட்டும் நிறுத்தித் தரும் வங்கிகள் சில உண்டு. உங்கள் கிளையில் அதைக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிவு செய்யுங்கள், மருத்துவர் சொன்னபடி மூன்று வாரம் விரலைப் பேணிய பிறகு. பதியும்போது எந்த விரல் தெளிவாக விழுகிறது என்று பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுமை தூக்குபவர்களுக்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் தேய்கின்றன. மோதிர விரல் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

இன்னொன்று. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் அளித்த தீர்ப்பில், கருவி ஏற்காத ஒரே காரணத்தால் தகுதியுள்ள ஒருவருக்கு உரிய பயன் மறுக்கப்படாது என்ற அரசுத் தரப்பின் உறுதி பதிவாகியிருக்கிறது. கடையில் திருப்பி அனுப்பினால், அதைச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்கள் தாயாருக்கு உண்டு.

முசிறி வாசகி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் அம்மா சொன்னபடி இரவுதோறும் தேங்காய் எண்ணெய் தடவினோம். வேலையை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதை முன்பு எழுத விட்டுப்போயிற்று. ஆதார் மையத்தில் பத்து விரல்களையும் கருவிழிகளையும் புதிதாகப் பதிந்தோம். இடது கை மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் கோடுகள் நன்றாகத் தெரிவதாக அங்கே இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினார். அம்மா தன் ரேகையை அவ்வளவு பெரிதாகப் பார்த்தது அதுவே முதல் முறை, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதம் கடையில் இடது மோதிர விரலை வைத்தார். முதல் முறை ஏற்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி மறுபடி வைத்ததும் ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் மழைக்காலத்துக்காகத் தம்பியை அவருக்குப் பதிலாகப் பொருள் வாங்க அனுமதிக்கும் படிவத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பயோமெட்ரிக் பூட்டு போடவில்லை. வங்கியில் ஆதார் வழிப் பணமெடுப்பை நிறுத்தக் கடிதம் கொடுத்துள்ளோம். மேலாளர் ஐயா, உங்கள் ஆலைப் பெண்களுக்கும் மோதிர விரலைப் பதிந்து பாருங்கள்.

நூற்பாலை மேலாளர்:

பதிந்துவிட்டோம், அம்மா. ஆறு பேரில் நால்வருக்குச் சரியாகிவிட்டது. மற்ற இருவரும் இப்போது பதிவேட்டில் கையொப்பம் இடுகிறார்கள்; அவர்களுக்குப் பிடித்த இரண்டு நாள் கூலியையும் இம்மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.